மார்ஜரி வாரன் அம்மையார்

மூப்பின் இயல்பையும் முதியோர் பராமரிப்பையும் கற்றவருக்கு உத்தியோகம் உண்டோவென ஐயுறுவோர் பலர். அன்னோர்க்கு நாம் எடுத்துரைக்கத்தக்கது டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையாரின் சரிதம்.

1897-ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்த இவ்வம்மையார் 1923-இல் வைத்தியத் தேர்ச்சி பெற்றார். அவர் நாட்டமெல்லாம் ரண சிகிச்சையிலேயே இருந்தது. 1935-இல் அவர் பணியாற்றிய மேற்கு மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியுடன் அருகிலிருந்த ஏழையர் விடுதி இணைக்கப்படவே, 700-க்கு மேற்பட்ட நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தனர். அவருட் பலர் முதியோர். தீரா நோயினரென்று படுக்கையிலேயே விடப்பட்டவர். அப்பணியை விரும்பி நாடிய வைத்தியர் அரியர்.

அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார்; நோய்க்கேற்ப வகுத்தார்; எழுந்து நடக்கப் பயிற்றுவித்தார். கிடந்தோர் பலர் நடந்தனர். சிலர் வீடும் திரும்பினர்.

முதியோர் வைத்தியம் தனித்துறையாதல் வேண்டுமென்றும், மாணவர் அதனைப் பயிலல் வேண்டுமென்றும் 1943-லும் 1946-லும் கட்டுரைகள் வரைந்தார். 1948-இல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பின்னர், அத்துறை நிபுணர்க்கெனப் பதவிகள் ஏற்பட்டன. 1960-இல் மோட்டார் விபத்தொன்றால் அம்மையார் காலமானார்.

இன்று வைத்தியரும், தாதியரும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் அத்துறையிற் பணிபுரிகின்றனர். தொண்டு முன்னே சென்றது. பதவி அதன் பின்னே வந்தது. தொழில் தேடும் நம் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.