கூலியைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசென்ற சுரங்கத் தொழிலாளி

பிரித்தானியாவில் இன்று தொழிலாளர்களின் ஆகக்குறைந்த சம்பளம் சட்டத்தினால் நிர்ணயிக்கப்படுகின்றது. 1998 இல் நிறைவேற்றப்பட்டு 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இத்தேசிய ஏற்பாட்டின் பின்னணியில் ஒரு நூற்றாண்டுகாலப் போராட்டம் உண்டு. அதன் முன்னோடிகளுள் முதன்மையானவரான கெயார் ஹார்டியை நினைவுகூருவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

1856 இல் ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரில் வறிய குடும்பமொன்றில் பிறந்த ஹார்டி, பள்ளிப் படிப்பை அறியாதவர். வீட்டில் உழைப்போர் வேறெவருமில்லாத வேளையில் பேக்கரி ஒன்றில் வேலைசெய்தார். நோயுற்ற தம்பியைப் பராமரித்ததனால் தாமதமாகச் சென்ற அச்சிறுவனை முதலாளி வேலைநீக்கம் செய்ததுடன், ஒரு வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டார். அந்த அநீதியை ஹார்டி இறுதிவரை மறக்கவில்லை. பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கினார். விளக்குப் புகையினால் கருமையேறிய கல்லில் ஊசியினால் கீறி, சுருக்கெழுத்துப் பயின்றார். சுரங்கத் தொழிலாளரை அணிதிரட்டியமைக்காக அவருக்கும் சகோதரர்களுக்கும் வேலை மறுக்கப்பட்டது. அதன்பின் தொழிற்சங்கமே அவரது வாழ்வாயிற்று.

1892 இல் லண்டன் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். பட்டுத்தொப்பி அணிந்தோர் நிறைந்த சபையில் அவர் அத்தகைய தொப்பியின்றி நுழைந்தார். 1894 ஜூன் 23 இல் வேல்ஸ் அல்பியன் சுரங்க வெடிவிபத்தில் 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தெரிவிக்க முன்வந்த சபை, மாண்டோரின் குடும்பங்களுக்கு அனுதாபம் தெரிவிக்க மறுத்தது. ஹார்டி தனித்து நின்று அதனைக் கண்டித்தார். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் ஆசனத்தை இழந்தார்.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1900 இல் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு உருவாவதில் முக்கிய பங்காற்றினார். அவ்வாண்டே வேல்ஸின் மேர்தர் தொகுதியில் வெற்றியும் பெற்றார். 1901 இல் டாஃப் வேல் வழக்கில், வேலைநிறுத்த நட்டத்துக்குத் தொழிற்சங்கமே பொறுப்பு எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே தொழிற்சங்கங்களை இக்குழுவின்பால் திருப்பியது. 1906 இல் 29 உறுப்பினர்கள் தெரிவாகினர். தொழிற்கட்சி எனப் பெயர்கொண்ட அவர்களின் முதல் தலைவரானார் ஹார்டி. அவ்வாண்டே அத்தீர்ப்பின் விளைவு புதிய சட்டத்தினால் நீக்கப்பட்டது.

1909 இல் மிகக் குறைந்த கூலி நிலவிய சில தொழில்களுக்குச் சம்பள சபைகள் அமைந்தன. 1912 இல் சுரங்கத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தத்தின் பின்னர் அவர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. எனினும் அவர்கள் கோரிய தொகையை அரசாங்கம் அச்சட்டத்தில் சேர்க்கவில்லை. அது மாவட்டச் சபைகளிடம் விடப்பட்டது. உரிமையை ஏற்று, தொகையை ஒத்திவைக்கும் தந்திரம் புதியதன்று.

1914 இல் போரை எதிர்த்தபோது அவரது தொகுதி மக்களே அவரைப் பேசவிடாது கூச்சலிட்டனர். மனமுடைந்த நிலையில் 1915 செப்டெம்பர் 26 இல் கிளாஸ்கோவில் காலமானார்.

கூலி என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தனிப்பட்ட பேரமன்று, அரசின் பொறுப்பு என்பதை அவர் நிலைநாட்ட முயன்றார். சட்டம் இயற்றுவதுடன் அப்பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அச்சட்டம் தரும் தொகையில் ஒரு குடும்பம் பசியின்றி வாழ முடிகின்றதா என்பதே உண்மையான அளவுகோல் என நாம் கருதுகின்றோம்.