ராயப்பேட்டைக்கு வராத வெஸ்லி: சர்ச்சுக்கும் ஸ்கூலுக்கும் அவர் பெயர் ஏன்?

ராயப்பேட்டையில் வெஸ்லி ஸ்கூல், வெஸ்லி சர்ச் என்று சொன்னால் வழி காட்ட ஆள் இருக்கிறது. அந்த வெஸ்லி யார் என்று கேட்டால், பழைய காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் என்பதோடு பேச்சு நின்றுவிடும். பாதிரியார்தான். ஆனால் சென்னைக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கே அவர் வந்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய எட்டாவது வயதிலேயே தமிழ்நாட்டு ஊர் ஒன்று அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்த ஊர் தரங்கம்பாடி.

ஜான் வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா சாமுவேல் அங்கே ஆங்கிலிக்கன் ஆயர். அம்மா சூசன்னாவுக்கு மொத்தம் 19 பிள்ளைகள். பல குழந்தைகள் பிழைக்கவில்லை. 1709-ல் வீடு தீப்பிடித்தபோது ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டார். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாக அவரை வெளியே இழுத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, தரங்கம்பாடியில் வேலை செய்த சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளியும் அனுப்பிய செய்திகளின் ஆங்கிலப் புத்தகம் சூசன்னா கைக்கு வந்தது. படித்தவர் ஆடிப்போனார். கடல் கடந்து போய் யாரோ இவ்வளவு பாடுபடும்போது, தன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தான் என்ன செய்தோம் என்ற கேள்வி அவருக்கு வந்தது. அன்றிலிருந்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமைகளை அவர் மறக்கவில்லை.

பட்டப்பெயரே சபைப் பெயரானது

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அங்கேயே கல்லூரி ஆசிரியரானார். தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். நேரம் குறித்து ஜெபம், நாள் குறித்து உபவாசம், கைதிகளைப் பார்க்கச் சிறைக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை. மற்ற மாணவர்கள் கிண்டலாக ‘மெத்தடிஸ்ட்’ என்று கூப்பிட்டார்கள். அதாவது முறை பார்த்தே வாழ்பவர்கள். கிண்டல் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்த மனிதரின் முதல் பெரிய வேலை படுதோல்வி. 1735-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் போதகராகக் கப்பலேறினார். வழியில் புயல். வெஸ்லி நடுங்கிக்கொண்டிருந்தபோது, மொரேவியர் என்ற ஜெர்மன் கிறிஸ்தவர்கள் பயமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. ஜார்ஜியாவில் சோஃபியா ஹாப்கி என்ற இளம்பெண்ணை விரும்பினார், சொல்லத் தயங்கினார், அவர் வேறொருவரை மணந்துகொண்டார். பிறகு அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார் வெஸ்லி. சபை ஒழுங்கு என்று காரணம் சொன்னாலும் ஊர் அப்படிப் பார்க்கவில்லை. வழக்கு வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்.

1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டம் ஒன்றுக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் முன்பு, தன் முயற்சியால் அல்ல, கிறிஸ்துவின் கிருபையால்தான் மீட்பு, அது தனக்கும் உண்டு என்ற நிச்சயம் அவருக்குள் வந்தது. வெஸ்லி வழிச் சபைகளின் நம்பிக்கைக்கு மையம் இதுதான். கிருபை சிலருக்கு மட்டும் முன்குறிக்கப்பட்டதல்ல, எல்லாருக்கும் உண்டு என்பார் அவர். இதற்காக நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டோடு கடுமையாக மோதினார். ஆனால் நட்பு முழுதாக அறுந்துபோகவில்லை. விட்ஃபீல்டுக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

வாரம் ஒரு பென்னி

பல கோயில்களின் கதவு மூடியதும், 1739-ல் பிரிஸ்டலில் வெட்டவெளியில் பிரசங்கம் செய்தார். ஆலயத்துக்கு வெளியே பேசுவதையே தவறாக நினைத்தவருக்கு அது லேசான காரியமல்ல. கேட்க வந்தவர்களில் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளிகள் நிறைய.

பிரிஸ்டல் கட்டடத்துக்கு வாங்கிய கடனை அடைப்பது எப்படி என்று 1742-ல் பேச்சு வந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றார் ஒருவர். ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள்? சுமார் 12 பேருக்கு ஒரு தலைவர், கொடுக்க முடியாதவர் பங்கை அவரே போடுவார் என்று ஏற்பாடானது. காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு, எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. வசூல் குழு, ஒருவரை ஒருவர் விசாரித்து ஜெபிக்கும் ‘வகுப்பு’ ஆனது இப்படித்தான். பட்டம் பெறாத சாதாரண ஆட்கள், பெண்கள் உட்பட, தலைவர்களானார்கள். சூசன்னாவின் வியாழக்கிழமைதான் ஊரளவுக்குப் பெரிதானது என்றுகூடச் சொல்லலாம்.

லண்டனில் இலவச மருந்தகம், சிறு கடன் நிதி என்று வேலை விரிந்தது. வாலிபத்தில் வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-ல் வாழ்ந்தார். 120 ஆனபோதும் அதே 28-தான், மீதி ஏழைகளுக்கு. 1774-ல் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். அன்றைக்குப் பக்திமான்கள் பலரே அடிமை வைத்திருந்தார்கள். விட்ஃபீல்டும் அவர்களில் ஒருவர்.

வீட்டுக் கதை வேறு. 1751-ல் நடந்த கல்யாணம் கசந்தது, மனைவி பிரிந்துபோனார். 1781-ல் அவர் இறந்த செய்தியே அடக்கத்துக்குப் பிறகுதான் வெஸ்லிக்குத் தெரிந்தது. ஊர் ஊராகக் குதிரையில் போனவரின் வாழ்க்கையில் இந்தப் பக்கத்தைப் பூசி மெழுக முடியாது.

கடைசிவரை தன்னை ஆங்கிலிக்கன் என்றே சொன்னார். ஆனால் 1784-ல், அமெரிக்காவில் திருவிருந்து கொடுக்கக்கூட ஆயர்கள் இல்லை என்று, பேராயரைக் கேட்காமல் தானே குருப்பட்டம் கொடுத்தார். சார்லஸ் கொதித்துப்போனார். சபை தனி வழியில் போக விதை அங்கே விழுந்தது. 1791 மார்ச் 2 அன்று இறந்தபோது, சவப்பெட்டி சுமக்கும் ஆறு ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு என்று உயிலில் இருந்தது.

ராயப்பேட்டைக்கு எப்படி வந்தது?

வெஸ்லியின் உதவியாளர் தாமஸ் கோக், மிஷனரிகளோடு இலங்கைக்குக் கிளம்பி 1814-ல் நடுக்கடலில் இறந்தார். மற்றவர்கள் இலங்கை சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வேலை செய்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னை வர, ராயப்பேட்டையில் மிஷன் வேரூன்றியது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உருவானபோது இந்த மெத்தடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களோடு சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் உடைந்தது இங்கே ஒட்டியது. புது வருடத்தில் கடவுளுக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை, வெஸ்லி 1755-ல் தொடங்கியது. டிசம்பர் 31 ராத்திரி சர்ச்சுகளில் நிற்கும் கூட்டத்துக்கும் அவரிடம் ஒரு நூல் போகிறது. மொரேவியரிடம் பார்த்த விழிப்பு ஆராதனையை கிங்ஸ்வுட் தொழிலாளிகளுக்காக அவர் நடத்தினார். ஆனால் அது வருடக் கடைசியில் மட்டுமல்ல, மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில். ராத்திரி வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே.

அமெரிக்க மெத்தடிஸ்டுகள் தொடங்கிய சபைகள் சிஎஸ்ஐயில் சேரவில்லை. அதனால்தான் வேப்பேரியில் மெத்தடிஸ்ட் என்றும், ராயப்பேட்டையில் சிஎஸ்ஐ வெஸ்லி என்றும் போர்டு இருக்கிறது. இரண்டும் எப்வொர்த் வீட்டுப் பையனிடம்தான் போய்ச் சேரும்.