பரேலில் நிலைத்த பெயர்

நாம் நாள்தோறும் இரயிலில் கடந்துசெல்லும் பரேலில் ஹாஃப்கின் ஆய்வுக்கூடம் உள்ளது. அவர் 1860-இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தவர். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அவரோ இங்கு வந்தார்.

சூட்டினால் கொன்ற கிருமிகளைச் செலுத்தினால், உடல் அப்பகையை அறிந்து எதிர்ப்பொருளை ஆக்கப் பழகும். மெய்யான நோய் வருங்கால் விரைந்து தாக்கும். 1897 ஜனவரி 10-இல் அம்மருந்தைத் தம் உடலிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டது, ஆயினும் பிழைத்தார்.

1902-இல் அந்நாளைய பஞ்சாபின் மல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் தனுர்வாதத்தால் மாண்டனர். கேடு புகுந்தது ஒரே புட்டியில்! பதவியை இழந்தவரோ ஹாஃப்கின். புட்டியைத் திறந்த இடத்தை அன்றே விசாரித்திருக்கலாகாதா? 1907-இல்தான் பழி நீங்கிற்று. கல்கத்தாவில் பணி கிடைத்தது, பரேல் கிடைக்கவில்லை. 1925-இல் கூடத்திற்கு அவர் பெயரை இட்டனர். 1930-இல் லோசானில் காலமானார்.