அறிஞர் சுப்பாராவ்

சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் வாழும் உழவர் ஒருவர் காமாலை கண்டு, வேலூருக்குச் சென்று தம் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுப்பாராயின், ஆங்கு அளந்தறியப்படுவனவற்றுள் பாஸ்படேஸ் என்னும் நொதியும் ஒன்றாகும். சேர்மங்களினின்று பாஸ்பேட்டைப் பிரித்துவிடுதலே இவ்வகை நொதிகளின் தொழில். மனிதனுடைய மரபணுவை நுண்ணுயிரினுள் புகுத்தி இந்நொதிகளை விளைவித்து, சிறு குப்பிகளில் ஆராய்ச்சிச் சாலைகளுக்கு அனுப்பும் வித்தையும் இக்காலத்தில் கைகூடியுள்ளது. அந்நொதியின் வலிமையை அறிய, அது பிரித்த பாஸ்பேட் எவ்வளவு என்று அளத்தல் ஒரு வழி. அவ்வளவைக்குச் செவ்விய முறை வகுத்த இருவருள் ஒருவர் நம் சென்னையில் பயின்றவர்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் அந்நாளைச் சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12இல் பிறந்தார். இளமையில் வறுமையே அவருக்குத் துணை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கிக் கதர் உடுத்தமை ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்கு உவப்பாயில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. நோய்க்கு மருந்து காண வேண்டுமென்னும் வேட்கை அத்துயரத்தால் வலுப்பெற்றது.

அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த அவர், மருத்துவமனையில் இரவுப் பணியாளராயிருந்து வயிறு வளர்த்தார். அங்கே பிஸ்கே என்னும் ஆசிரியருடன் கூடி 1925இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். பாஸ்பேட் உள்ள அமிலக் கரைசலில் மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கும் பொருளொன்றையும் இட்டால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு செறிவோ அவ்வளவு பாஸ்பேட் உண்டு என்பதே அதன் கருத்து.

தசையின் சாற்றை இங்ஙனம் சோதித்தபோது நீலநிறம் உடனே முற்றாமல் தாமதித்து வளர்ந்தது. வேறொருவராயின் கருவியின் குற்றமென்று கைவிட்டிருக்கக் கூடும். இவ்விருவரோ அத்தாமதத்தின் காரணத்தைத் தேடினர். அமிலத்தில் மெல்லச் சிதையும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் தசையில் உள்ளதை 1927இல் வெளிப்படுத்தினர். உயிர்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் 1929இல் தசையினின்று பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் லோமனும் தனியே அதனைக் கண்டார்.

ஹார்வர்டில் நிலையான பதவி வாய்க்கப் பெறாத சுப்பாராவ் 1940இல் லெடர்லே மருந்து நிலையத்தை அடைந்தார். அங்கு அவர் தலைமையில் உழைத்த குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் 1947இல் வெளிப்பட்டது. அங்கு ஆக்கப்பெற்ற அமினாப்டெரினைக் கொண்டு பார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலத் தணிவேனும் அளித்தார். டக்கர் கண்ட ஆரியோமைசினும் இந்நிலையத்தின் விளைவே.

தாய்நாடு திரும்பாமலே 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் பிராயத்தில், அவர் உறக்கத்தில் உயிர் நீத்தார். இந்திய அரசு 1995இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

பரீட்சையில் தவறியோரும், தகுதியிருந்தும் பட்டம் குறைக்கப்பட்டோரும் நம் கலாசாலைகளில் என்றும் உண்டு. அவர்கட்கு இவர் வாழ்க்கை வெறும் ஆறுதல் அன்று. அளவையில் காட்டிய நேர்மையும், சிறு முரண்பாட்டையும் புறக்கணியாத பொறுமையுமே அவரை உயர்த்தின. சோதனைச் சாலையில் எதிர்பாராத நிறமொன்று தோன்றுங்கால், அதனைக் கழுவிக் கொட்டுமுன் மாணவர் அவரை ஒருமுறை நினைப்பாராக.