இரவிவர்மா எழுதிய குடும்ப உருவங்கள்

திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தோன்றிய இரவிவர்மாவைத் தெய்வப் படங்கள் எழுதியவராகவே நம்மிற் பலர் அறிவர். அவற்றிற்கு முன்னரே அவர் பெயரை நிலைநாட்டியவை, செல்வர் தம் குடும்பத்தாரை எழுதுவித்துக்கொண்ட உருவச் சித்திரங்களாம்.

14ஆம் வயதில் அம்மானார் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். ஆயிலியம் திருநாள் மகாராசா ஆதரித்தார். ஆயினும் தைலவர்ணம் தீட்டும் முறையைக் கற்பிப்பார் இலர். அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் மறைத்துவிட, அவர் மாணாக்கர் ஆறுமுகம்பிள்ளை இரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனும், தாம் எழுதுவதைப் பார்த்திருக்க மட்டுமே இடங்கொடுத்தார். வித்தையை ஒளிக்கும் குணம் எந்நாட்டார்க்கும் பொதுப்போலும்!

1870ஆம் ஆண்டளவிற் கள்ளிக்கோட்டை நீதிபதி கிழக்கேபாலாட்டுக் கிருஷ்ணமேனோனின் குடும்பத்தை எழுதிப் பொருள் பெற்றார். அரசகுலத்திற் பெண்ணெடுத்த ஒருவர் கூலிக்குத் தூரிகை பிடித்தல் அக்காலத்தில் இழுக்கெனக் கருதத்தக்கது. பிறர் குடிப்பெருமையை எழுதப் புகுந்தவர் தம் குடிப்பெருமையைப் பணயம் வைத்தார்.

அவ்வுருவங்களில் முகம் ஒரு பங்கு பேசினால், சரிகைப் பட்டும் பொன்னணியும் செதுக்கு நாற்காலியும் திரைச்சீலையும் மூன்று பங்கு பேசும். நிழற்படம் அந்நாளில் வந்துவிட்டதாயினும் அதற்கு நிறமில்லை; பொன்னும் பித்தளையும் அதில் ஒன்றே. தைலவர்ணமோ முத்தின் நீரோட்டத்தையும் காட்டவல்லது. முத்துக்குளித்த அரிப்புக் கரையை அடுத்துள்ள நானாட்டான் மக்களுக்கு, ஒரு முத்துவடம் இன்னாருடையது என்றால் அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டுவதில்லை. கூடத்திலே மாட்டிய சித்திரம், வீட்டார் வாய்திறவாமலே வந்தவர்க்கு அவர்தம் நிலையை உணர்த்திவிடும். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தம் முன்னோரோடு கல்லுருவாய் நிற்பதும் இதற்காகவன்றோ?

1881இல் பரோடாவிற் சயாஜிராவ் மன்னர் ஆட்சியுரிமை பெற்றபோது, அங்குச் சென்று அரச குடும்பத்தாரை எழுதினார். மைசூர் முதலிய அரசவைகளும் அழைத்தன.

1894இல் தம்பி இராசராசவர்மாவோடு பம்பாயில் அச்சகம் நிறுவினார். அரசியரை எழுதிப் பழகிய கை, அவர்தம் சேலையையும் அணிகலன்களையுமே திருமகளுக்கும் கலைமகளுக்கும் பூட்டியது. உருவம் எழுதுவிக்க வகையற்றோர் வீட்டுச் சுவரிலும் அரண்மனைச் செல்வம் ஏறிற்று. வணங்கியவர் பலர்க்கு அது யார் அணி என்பது தெரியாது. அச்சகமோ கடனையே தந்தது. 1901இல் அதனைச் செருமானியரான சிலைக்கருக்கு விற்றார். 1905இல் தம்பியார் மறைந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரிலேயே இரவிவர்மாவும் மறைந்தார்.