கோட்டில் உயிர் கண்ட நந்தலால் போஸ்

பீகாரில் முங்கேர் மாவட்டத்தைச் சேர்ந்த கரக்பூரில் 1882 டிசம்பர் 3-ஆம் நாள் நந்தலால் போஸ் பிறந்தார். களிமண்ணில் திருவுருவங்கள் செய்வோரின் அருகிலேயே அவரது இளமை கழிந்தது. கல்கத்தாவில் கல்லூரிப் படிப்பு கைகூடவில்லை. குடும்பத்தார் விரும்பிய வணிகக் கல்வியும் நிலைக்கவில்லை. இறுதியில் அரசுக் கலைப்பள்ளியில் அவனீந்திரநாத தாகூரின் மாணவரானார்.

மனித உருவம் வரைவதற்கு அக்காலத்தில் ஐரோப்பிய முறையே பெரிதும் வழக்கில் இருந்தது. சுதைச் சிலையையோ, அசையாது நிற்கும் ஒருவரையோ எதிரில் வைத்துக்கொண்டு ஒளியும் நிழலும் தீட்டிப் பழகுவார்கள். அதனால் அளவு பிசகாது. ஆனால் நடப்பவரை வரைய அது மட்டும் போதாது. நடப்பவர் ஓவியருக்காகக் காத்து நிற்பதில்லையே!

சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால், 1909-10 குளிர்காலத்தில் நந்தலால் அஜந்தாவுக்குச் சென்றார். ஹெர்ரிங்ஹாம் சீமாட்டியின் குழுவினருடன் அங்கிருந்த சுவரோவியங்களைப் படியெடுத்தார். தலையின் சாய்வு, இடுப்பின் ஒசிவு, விரல்களின் மடிப்பு ஆகிய அனைத்தையும் அங்கே கோடே தாங்கி நின்றது. படியெடுப்பவரின் கை அந்தக் கோட்டின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். பிற்கால நந்தலாலை உருவாக்கியதில் இந்தப் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

1920-களில் சாந்திநிகேதனின் கலாபவனத்தை அவர் வழிநடத்தினார். மாணவர்களை அறைக்குள் அடைத்து வைக்காமல், வயல்வெளிக்கும் சந்தால் கிராமங்களுக்கும் அழைத்துச் சென்றார். அஞ்சலட்டை அளவுள்ள அட்டைகளில் கண்டதையெல்லாம் அன்றாடம் வரைவது அவரது வழக்கம். இவ்வாறு வரைந்தவை ஆயிரக்கணக்கானவை. குடம் சுமந்து வரும் பெண்ணின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அதை ஈடுசெய்ய இடுப்பு எப்பக்கம் ஒதுங்குகிறது என்பது ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் சில கோடுகளே போதும். பதியாவிட்டால் நூறு கோடுகள் இட்டாலும் அவள் நடக்கமாட்டாள்.

1930-இல் தண்டி யாத்திரையை ஒட்டி அவர் செய்த லினோ அச்சில் இதன் பயனைக் காணலாம். கரிய பின்னணியில் வெண்கோடுகளாகக் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவம் அது. முகத்தில் நுணுக்கம் ஏதுமில்லை. ஆயினும் அந்த நடையே அவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

குஜராத்தின் ஹரிபுராவில் 1938-இல் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்காக, காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று நந்தலால் ஓவியத் தட்டிகள் தீட்டினார். மத்தளம் கொட்டுபவரும் மல்லரும் தச்சரும் அவற்றில் தத்தம் தொழிலில் முனைந்திருந்தனர். தடித்த தூரிகையால் விரைந்து இட்ட கோடுகள் அவை. சாந்திநிகேதன் அட்டைகளில் பல்லாண்டு பழகிய கைக்கே அந்த விரைவு வாய்க்கும்.

1951-இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. மையும் தூரிகையும் சிறு தாளுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. 1966 ஏப்ரல் 16-ஆம் நாள் அவர் மறைந்தார்.