வீட்டு வீடியோ எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள்? கோடாக் ஈஸ்ட்மேனின் வாழ்க்கை தரும் விடை

கல்யாணம், வளைகாப்பு, குழந்தையின் முதல் பிறந்தநாள், ஊர்த் திருவிழா. எல்லாம் எச்.டி. தரத்தில் போனிலேயே கிடக்கிறது. வீடியோவையும் போட்டோவையும் சேர்த்து, பாட்டு போட்டு, வீட்டு டிவியில் பத்து நிமிஷம் ஓடுகிற மாதிரி ஒன்று செய்ய ஆசை. ஆனால் எந்த மென்பொருள் என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றிவிடும்.

சாதாரணக் குடும்பங்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்து, வெட்டி, ஒட்டிப் பார்க்கும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன், கோடாக் நிறுவனத்தின் நிறுவனர். எளிமை, தரம், நீடித்து நிற்பது ஆகிய மூன்றுக்கும் நடுவில் அவர் வாழ்நாள் முழுக்கத் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. இன்று நமக்கும் அதே நிலைதான்.

யார் இந்த ஈஸ்ட்மேன்?

1854 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்வில் ஊரில் பிறந்தார். பிறகு குடும்பம் அதே மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குடியேறியது. ஏழு வயதில் அப்பாவை இழந்தார். அம்மா மரியா, வீட்டில் வெளியாட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். அக்கா ஒருவர் போலியோவால் பாதிக்கப்பட்டிருந்தார். 14 வயதில் பள்ளியை விட்ட ஈஸ்ட்மேன், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாரம் 3 டாலர் சம்பளத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் குமாஸ்தா ஆனார்.

போட்டோ பக்கம் எப்படி வந்தார்?

24 வயதில் சாண்டோ டொமிங்கோவுக்குப் பயணம் போக நினைத்தார். அங்கே பார்ப்பதைப் படம் எடுத்து வரலாமே என்று உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொல்ல, கேமரா வாங்கினார். அந்தக் காலத்துக் கேமரா என்றால் ஒரு மூட்டைச் சாமான்: பெரிய பெட்டி, கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர்க் குடுவை, இருட்டறைக்கு ஒரு கூடாரம். ஈரத் தகடு காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் ஆக வேண்டும்.

பயணம் நடக்கவில்லை. ஆனால் இவ்வளவு சுமை எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. பகலில் வங்கி வேலை, ராத்திரியில் அம்மாவின் சமையலறையில் ஜெலட்டின் காய்ச்சும் சோதனை. முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய உலர் தகடுதான் இலக்கு. தகடு பூசும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1881-ல் ஹென்றி ஸ்ட்ராங் என்பவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, அதே ஆண்டில் வங்கி வேலையை விட்டார்.

ஆரம்ப ஆண்டுகளிலேயே ஒரு பெரிய அடி. கடைகளுக்குப் போன தகடுகள் கெட்டுப்போகத் தொடங்கின. அவற்றையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு புதிய தகடு கொடுத்தார். கையிருப்பு கரைந்தது, பெயர் தப்பியது.

தரமா, எளிமையா?

அடுத்து கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கும் காகித ஃபிலிம் கொண்டுவந்தார். எடை போச்சு, ஆனால் காகிதத்தின் இழை படத்தில் தெரிந்தது. தொழில்முறைக் கலைஞர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கண்ணாடித் தகடே போதுமாக இருந்தது.

அப்போதுதான் ஈஸ்ட்மேன் திசையை மாற்றினார். போட்டோவே எடுக்காத கோடிக்கணக்கான பேருக்கு விற்கலாமே! 1888-ல் கோடாக் கேமரா வந்தது. விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே 10 டாலரோடு ராச்செஸ்டருக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய ஃபிலிம் போட்டு அனுப்புவார்கள். பட்டனை அழுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை என்பதே விளம்பரத்தின் சாரம். 1889-ல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஃபிலிம், 1900-ல் ஒரே டாலருக்கு பிரவுனி கேமரா. இனி குழந்தைகளும் படம் எடுக்கலாம்!

1914-ல் வந்த ஆட்டோகிராஃபிக் கேமராவில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, படத்தின் ஓரத்தில் தேதி, ஊர், பெயர் எழுதலாம். இந்த ஒரு யோசனையைக் கண்டுபிடித்தவரிடமிருந்து வாங்க ஈஸ்ட்மேன் கொடுத்தது 3 லட்சம் டாலர். பத்து வருஷம் கழித்து அது யார், எங்கே எடுத்தது என்று தெரியாத படத்தின் மதிப்பு என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. செல்லுலாய்டு ஃபிலிமுக்கு ஈஸ்ட்மேனுக்கு முன்பே விண்ணப்பித்திருந்த பாதிரியார் ஹானிபல் குட்வினின் காப்புரிமை வழக்கில் கோடாக் தோற்று, 1914-ல் 50 லட்சம் டாலர் கொடுத்தது. போட்டியாளர்களை நெருக்கி ஏகபோகம் செய்ததாக 1915-ல் அமெரிக்க நீதிமன்றமும் கோடாக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எளிமையாக்கியவரே வாடிக்கையாளரைத் தன் வட்டத்துக்குள் பூட்டி வைக்கவும் பார்த்தார்.

வீட்டுக்குள் சினிமா வந்தது எப்படி?

சினிமாக்காரர்கள் பயன்படுத்திய 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதை வீட்டில் ஓட்டுவது ஆபத்து. அதனால் 1923-ல் எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில் 16 மி.மீ. ஃபிலிமைக் கோடாக் கொண்டுவந்தது. அகலம் ஏன் 16? 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிமை யாரும் நடுவில் கிழித்து இதில் ஓட்டிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

கேமரா, புரொஜெக்டர், முக்காலி, திரை, ஃபிலிம் ஒட்டும் கருவி எல்லாம் சேர்த்து 335 டாலர். அன்றைக்கு அது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. 100 அடிச் சுருள் சுமார் 4 நிமிஷம் ஓடும். இதில் நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய ஃபிலிமையே கழுவி, அதையேதான் திரையிடுவார்கள். செலவு குறைவு, ஆனால் எடிட் செய்ய வேண்டுமானால் கையில் இருக்கும் ஒரே மூலத்தைத்தான் கத்தரிக்க வேண்டும். தப்பான இடத்தில் வெட்டினால் போனது போனதுதான்.

1928-ல் ஈஸ்ட்மேன் தன் வீட்டு விருந்தில், எடிசன் முன்னிலையில் கோடாகலர் என்ற வண்ண வீட்டுப் படத்தைக் காட்டினார். கேமராவிலும் புரொஜெக்டரிலும் மூன்று வண்ணப் பட்டை போட்ட வடிகட்டியை மாட்டினால்தான் வண்ணம் தெரியும். அது இல்லாவிட்டால் அதே ஃபிலிம் வெறும் கறுப்பு வெள்ளை. 1935-ல் கோடாக்ரோம் வந்ததும் கோடாகலர் ஓய்ந்தது. அதை நம்பி எடுத்த குடும்பங்களின் சுருள்கள் மட்டும் மிஞ்சின.

கடைசி நாட்கள்

ஈஸ்ட்மேன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், இசைப்பள்ளி, பல் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். எம்.ஐ.டி.க்கு ஸ்மித் என்ற பெயரில் மறைந்திருந்து வழங்கினார். முதுமையில் முதுகெலும்பு நோயால் கடுமையாக அவதிப்பட்டு, 1932 மார்ச் 14 அன்று 77 வயதில் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். அவர் வாழ்ந்த வீடு 1949 முதல் புகைப்பட, சினிமா அருங்காட்சியகமாக இயங்குகிறது.

சரி, நாம் எதைத் தேர்வு செய்வது?

முதலில், உண்மையில் பயன்படுத்தப்போவதை எடுங்கள். வெட்டுவது, சேர்ப்பது, பாட்டு, தலைப்பு போதுமென்றால் ஆப்பிள் கருவிகளில் ஐமூவி, விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் போதும். வண்ணத்தைத் துல்லியமாகத் திருத்த வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். பழைய கம்ப்யூட்டரில் எச்.டி. வீடியோ திணறினால், சிறிய நகலை வைத்து வேலை செய்யும் பிராக்சி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஷாட்கட், கேடன்லைவ் இரண்டிலும் உண்டு, இரண்டும் இலவசம்.

போட்டோ ஸ்லைடுஷோவுக்கு ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் போட்டோவின் அகலம் சுமார் 4,000 பிக்சல், முழு எச்.டி. திரைக்கு 1,920 போதும். அதனால் இரண்டு மடங்கு வரை ஜூம் செய்தாலும் மங்காது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ பெரும்பாலும் சுருங்கியே வரும். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, மூலத்தை அழிக்காதீர்கள். 1923-ல் இல்லாத வசதி இன்று நமக்கு இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் மூல வீடியோவைத் தொடுவதில்லை, எங்கே வெட்டணும் என்ற குறிப்பை மட்டுமே சேமிக்கும். எடிட் முடிஞ்சாச்சே என்று போனைக் காலி செய்தால், அந்தப் புராஜெக்ட் வெறும் கூடு. மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள், ஃபோல்டர் பெயரில் தேதியும் ஊரும் எழுதுங்கள்.

மூன்றாவது, வெளியே வரும் வழியைப் பாருங்கள். விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017-ல் நிறுத்தியது. அதன் புராஜெக்ட் கோப்பாக மட்டும் வைத்திருந்தவர்கள் கோடாகலர் குடும்பங்களின் நிலைக்கு வந்தார்கள். எம்பி4 வடிவில், எச்.264 முறையில், வாட்டர்மார்க் இல்லாமல் 1080பி தரத்தில் எடுக்க முடியுமா? ஒரு நிமிஷ வீடியோவை முதலில் எடுத்து வீட்டு டிவியில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அந்த மென்பொருளையே வைத்துக்கொள்ளலாம். முழுப் படம் 10 நிமிஷம், நொடிக்கு 10 மெகாபிட் என்றால் கோப்பு சுமார் 750 எம்பி வரும். அதற்கு இடம் ஒதுக்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.